சாமித்தோப்பு வைகுண்ட சுவாமிகள்

உடற்பிணி தீர்ப்பவரை மருத்துவர் என்கின்றோம். ஆயின், பிணி நீங்கி எழுந்தவனை ஊரார் நிமிர்ந்து நடக்க விடாராயின், அவன் முற்றும் குணமடைந்தான் என்று சொல்லலாகுமோ? இவ்வினாவைத் தம் வாழ்க்கையாலேயே எழுப்பி, அவ்வாழ்க்கையையே அதற்கு விடையாகவும் விட்டுச் சென்ற பெரியார் ஒருவர் தமிழகத்தின் தென்கோடியிலே தோன்றினார். ஊராரால் முத்துக்குட்டி என்றும், அடியாரால் வைகுண்டர் என்றும், இன்றுகாறும் எண்ணிறந்த மக்களால் அய்யா என்றும் அழைக்கப்பெறும் அவருடைய சரித்திரத்தைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் கல்லூரியோ கிறிஸ்து நாதரின் பெயரால் நிறுவப்பெற்றது. அவரோ அந்நாளைய மிஷனெரிமாரால் சுவிசேஷ ஊழியத்திற்குத் தடையென்று கருதப்பட்டவர். அவ்வாறிருந்தும் அவரை இம்மலரில் நினைவுகூர்வது ஏன் என்பது கட்டுரையின் போக்கிலே விளங்கும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆம் நாளன்றே அது தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அக்காலத்தில் அங்கு வாழ்ந்த ஏழை மக்கள் பலருக்குப் பனைமரமே கற்பகத் தரு. காலையும் மாலையும் பனையேறிப் பதநீர் இறக்குவதும், அதனைக் கருப்புக்கட்டியாகக் காய்ச்சுவதுமே அவர்தம் பிழைப்பு. அவ்வுழைப்பாளிகளுக்கு அரசும் சாதி வழக்கமும் விதித்திருந்த கட்டுப்பாடுகளை இன்று நினைப்பினும் நெஞ்சம் பதறும். ஆடவர் முழங்காலுக்குக் கீழே வேட்டி தாழ உடுத்தலாகாது, தலைப்பாகை கட்டலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பணியலாகாது. பெண்டிர் மார்பை மறைத்து மேலாடை அணியலாகாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பிலே தாங்கலாகாது. பொதுக் கிணறும் பெருங் கோயிலும் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. பலவகை வரிகளும் கூலியில்லா ஊழியமும் அவர்கள் முதுகை வளைத்தன. மேலாடை அணிய முயன்ற பெண்களுக்கு எதிராக 1829ஆம் ஆண்டில் அரச விளம்பரமே பிறந்ததென்றால், அந்நாளைய நிலையை வேறு விளக்கவும் வேண்டுமோ?

இத்தகைய நாட்டில், 1809ஆம் ஆண்டளவில், பூவண்டன்தோப்பு என்னும் சிற்றூரில் பொன்னு நாடார் என்பவருக்கும் வெயிலாள் அம்மைக்கும் மைந்தராக நம் சரித நாயகர் பிறந்தார். அவ்வூரே பின்னர்ச் சாமித்தோப்பு எனப் பெயர் பெற்றது. பெற்றோர் திருமாலிடத்தே பேரன்பு பூண்டவர்; ஆதலின் மகனுக்கு முடிசூடும் பெருமாள் என்று ஆசையோடு பெயரிட்டனர். தலையிலே துணி சுற்றவும் உரிமையற்ற குலத்துப் பிள்ளைக்கு முடிசூடும் பெயரோ என்று மேற்குலத்தார் வெகுண்டனர். அஞ்சிய பெற்றோர் அப்பெயரை விடுத்து முத்துக்குட்டி என்று அழைக்கலாயினர். தொட்டிலிலே கிடந்தபோதே தம் பெயரைப் பறிகொடுத்தவர் அவர். பிற்காலத்தில் அவர் செய்த பணிகளை நோக்குமிடத்து இச்சிறு செய்தி பெரும் பொருள் தருகின்றது.

முத்துக்குட்டி சமய நூற் பயிற்சியும் கூரிய அறிவும் உடையவராய் வளர்ந்தார். ஏனையோரைப் போலவே உழைத்துப் பிழைத்தார். திருமாலம்மை என்பவரை வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். இருபத்திரண்டு வயதை எட்டிய அளவிலே கொடிய நோயொன்று அவரைப் பற்றியது. நாளுக்கு நாள் உடல் நலிந்தது. செய்த மருந்தெல்லாம் பயனற்றுப் போயின. தாயார் வேறு வழி காணாது, மாசித் திருவிழாவிற்குத் திருச்செந்தூர் செல்வாரோடு மகனையும் கொண்டு செல்லத் துணிந்தார். நடக்க இயலாதவரைத் தொட்டில் கட்டிச் சுமந்து சென்றனர் உறவினர். செந்திற் கடற்கரையை அடைந்ததும் நோயாளி தாமாகவே எழுந்து அலைகளினூடே நடந்து மறைந்தார். தேடியவர் கண்டிலர். சுற்றத்தார் மனமுடைந்து திரும்பினர்; தாயார் மட்டும் கரையிலே அழுது காத்திருந்தார். மூன்றாம் நாள் அவர் கடலினின்றும் மீண்டார் என்பது அடியார் மரபு. கொல்லம் ஆண்டு 1008, மாசித் திங்கள் 20ஆம் நாள், அதாவது 1833ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் இது நிகழ்ந்ததாகக் கொள்வர். முத்துக்குட்டி கடலோடு போயினார் என்றும், திரும்பியவர் திருமாலின் மகனாகிய வைகுண்டர் என்றும் அவர்கள் நம்புகின்றனர்.

அந்நம்பிக்கையை நாம் ஏற்பதும் ஏலாததும் வேறு. நோயாளியாகச் சென்ற அவர் வேறு மனிதராகத் திரும்பினார் என்பதை மட்டும் சரித்திரம் மறுக்கவியலாது. ஊர் மீண்டவர் ஆறாண்டுகள் தவமியற்றினார். அத்தவத்தை மூன்று பகுதியாகப் பிரித்துக் கூறுவர். முதற்பகுதியில் ஆறடி ஆழக் குழியிலே அமர்ந்து யுகத்தின் கேடு நீங்க வேண்டினார். இரண்டாம் பகுதியில் சாதியால் நலிந்தோர்க்காக வேண்டினார். மூன்றாம் பகுதியில் பெண்ணினத்துக்காகவும் முன்னோர்க்காகவும் வேண்டினார். தம் வீடுபேறு ஒன்றனையே கருதித் தவமியற்றினார் பலர். பிறர் படும் இழிவைத் தம் நோயெனக் கருதிக் குழியில் அமர்ந்தார் இவர்.

தவத்திலிருந்தவரை நாடி நோயாளிகள் வரத் தொடங்கினர். அவர் அவர்களுக்கு அளித்த மருந்து யாது? விலையுயர்ந்த பற்பமன்று, செந்தூரமன்று. ஒரு கை நீரும் ஒரு சிட்டிகை மண்ணுமேயாம். நீரைப் பருகக் கொடுத்தார். மண்ணை நெற்றியில் இடச் செய்தார். காணிக்கை கேட்டாரில்லை. ஆடு கோழி பலியிடுவதையும், பேய்க்கு அஞ்சி மாடன் காடனுக்குப் படைப்பதையும் விட்டுவிடுமாறு கூறினார். இதனாற் குணமடைந்தோர் எத்துணையர், அடையாதார் எத்துணையர் என்று கணக்கெடுத்து வைத்தார் எவருமிலர். வாந்திபேதியும் வைசூரியும் நீராலும் மண்ணாலும் நீங்குமென்று இக்காலத்து மாணவராகிய நாம் கூறத் துணியோம். ஆயினும் ஓர் உண்மையை நோக்குதல் வேண்டும். எவர் கை பட்டால் நீர் தீட்டுப்படும் என்று நாடே நம்பியிருந்ததோ, அக்குலத்தவர் ஒருவர் கையிலுள்ள நீரே மருந்தாயிற்று. எம்மக்கள் புழுதியினும் இழிந்தோர் எனப்பட்டனரோ, அவர்கள் நெற்றியிலே அப்புழுதியே திருமண்ணாயிற்று. இம்மருத்துவம் உடலுக்கு எவ்வளவு பயன் தந்ததோ அறியோம். கூனிய முதுகை அது நிமிர்த்தியது என்பதில் ஐயமில்லை.

இக்கருத்து அவர் ஏற்படுத்திய ஒழுக்கங்கள் யாவற்றிலும் ஊடுருவி நிற்கின்றது. சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு என்னும் கிணறொன்று உண்டு. பிறர் கிணற்றில் நீர் மொள்ள உரிமையற்றோரை அழைத்து, எச்சாதியாரும் ஒருங்கே நீராடவும் பருகவும் அதனைப் பொதுவாக்கினார். நீராடியபின் யாவரும் ஒன்றாக இருந்து உண்ணும் வழக்கத்தையும் நிலைநாட்டினார். தலைப்பாகை கட்டலாகாது என்று தடுக்கப்பட்டவர், கடவுளை வணங்கும்பொழுது தலைப்பாகை கட்டியே வணங்க வேண்டுமென்று விதித்தார். வேட்டியைத் தாழ உடுத்துமாறும் கூறினார். அவர் வழியினரின் பதிகளிலே, பள்ளியறையில் விக்கிரகத்தைக் காண்கிலோம். விளக்கின் முன்னே நிலைக்கண்ணாடி ஒன்றே நிற்கின்றது. வணங்க வந்தவன் அங்கே காண்பது தன் முகத்தையே. கோயில் வாயிலுக்கும் வரலாகாதவன் என்று விலக்கப்பட்ட ஒருவன், தலைப்பாகையணிந்த தன் உருவத்தைக் கருவறையிலே காண்பானாயின், அவன் உள்ளத்தில் எழும் உணர்ச்சியை எழுத்திலே வடித்தல் அரிது. தொட்டிலிலே பறிபோன முடிசூடும் பெயரை அவர் தமக்கென மீட்டுக்கொள்ளவில்லை. தம்மை நாடி வந்தோர் அனைவர் தலையிலும் அம்முடியைச் சூட்டிவிட்டார்.

கூட்டம் பெருகுவதைக் கண்டு மேற்குலத்தார் கலங்கினர். அக்காலத்தில் திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. இசை வல்லுநர் என்று இன்றும் நாம் போற்றும் அம்மன்னரிடத்தே, பனையேறும் குலத்தான் ஒருவன் தன்னைத் தெய்வமென்று கூறி மக்களைக் கலைக்கின்றான் என்று முறையிட்டனர். இடையர் குலத்தவராகிய பூவண்டர் என்னும் பெரியவர் வைகுண்டருக்காகப் பரிந்து பேசினார். அது பயன்படவில்லை. 1838ஆம் ஆண்டில் வீரர் வந்து அவரைப் பிணித்து, அடித்தும் இழித்தும் திருவனந்தபுரம் கொண்டு சென்று, சிங்காரத்தோப்பு என்னுமிடத்தே சிறையிட்டனர். சுண்ணாம்புக் காளவாயிலும் பசித்த புலியின் முன்னும் அவரை நிறுத்தினர் என்றும், அவர் தீங்கின்றி மீண்டார் என்றும் அடியார் கூறுவர். அற்புதங்களினும் மேலாக என் மனத்தைக் கவர்ந்த செய்தி மற்றொன்று. இனித் தம் சாதியாரோடு மட்டும் கூடியிருப்பதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை கிட்டும் என்று அவரிடம் கேட்கப்பட்டதாகவும், அவர் அதற்கு உடன்படவில்லை என்றும் அம்மரபு உரைக்கின்றது. தன் குலத்தை மட்டும் உயர்த்த விரும்பியவன் அவ்வோலையில் மகிழ்ந்து கையெழுத்திட்டிருப்பான். நூறு நாட்களுக்கு மேற்பட்ட சிறைவாசத்திற்குப்பின், 1839ஆம் ஆண்டு மாசித் திங்களில் அவர் விடுவிக்கப்பட்டார். சுமந்து வந்த அடியார் கூட்டத்தின் நடுவே ஊர் திரும்பினார்.

விடுதலைக்குப்பின் அவர் செய்த பெருஞ்செயல் துவையல் பந்தி என்பதாம். ஏறத்தாழ 700 குடும்பத்தாரை வாகைப்பதி என்னும் கடற்கரையிலும், பின்னர் முட்டப்பதியிலும் ஒருங்கே தங்கச் செய்தார். நாள்தோறும் பன்முறை நீராடுதல், உடையைத் துவைத்து உடுத்தல், புலாலை நீக்கிப் பச்சரிசியும் பயறும் சமைத்து ஒருவேளை உண்ணுதல், கூடிப் பிரார்த்தித்தல் என்பன அவர்களுக்குரிய நியமங்கள். அழுக்குடையோர் என்று பிறர் தூற்றிய மக்களுக்குத் தூய்மையையே தவமாக்கிய நுட்பம் வியத்தற்குரியது. கொதித்த உணவும், குளித்த உடலும், துவைத்த உடையும் பல நோய்களுக்குத் தடையாவன என்பதை இன்றைய சுகாதார நூலாரும் ஒப்புவர். அப்பந்தியிற் பயின்றோர் ஊர்தோறும் சென்று நிழல் தாங்கல்களை அமைத்தனர். அவை வழிபாட்டிடங்களாக மட்டுமன்றி, பசித்தார்க்கு உணவளிக்கும் இடங்களாகவும், சிறார் எழுத்தறியும் இடங்களாகவும் பயன்பட்டன.

அவருடைய சீடர் ஐவருள் ஒருவராகிய அரிகோபாலன் சீடர், 1841ஆம் ஆண்டளவில் அகிலத்திரட்டு அம்மானையை ஓலையிலே எழுதினார். பதினேழு பகுதிகளைக் கொண்ட அந்நூல் தமிழிலுள்ள அம்மானை நூல்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1939ஆம் ஆண்டில் அச்சேறியது. பெண்டிர் அம்மானை ஆடும்பொழுது பாடிய எளிய யாப்பிலே யுகங்களின் வரலாற்றையே அடக்கிய அந்நூலைத் தமிழ் மாணவர் கற்றல் தகும். புலவர் அவையிலே அரங்கேறாது, பனங்காட்டிலே பிறந்த நூல் அது. திருவிதாங்கூர் அரசையும் வெள்ளையர் ஆட்சியையும் ஒருங்கே நீசர் ஆட்சியென்று அது கண்டிக்கின்றது. நம் சமயத்தார் ஆள் சேர்த்த ஆர்வத்தையும் கடிந்துரைக்கத் தவறவில்லை.

வைகுண்டர் 1851ஆம் ஆண்டு வைகாசித் திங்கள் 21ஆம் நாள் சாமித்தோப்பிலே மறைந்தார். வாழ்ந்தது நாற்பத்திரண்டு ஆண்டுகளே. அவர் உடல் அடங்கிய இடத்தே தலைமைப்பதி எழுந்தது. மேலாடை அணியும் உரிமையை அரசர் நாடார் குலப் பெண்டிர்க்கு ஒப்பியது 1859இல். திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லார்க்கும் திறந்தது 1936இல். அவர் விதைத்தவற்றின் விளைவைத் தம் கண்ணாற் காணவில்லை. ஆயினும் மாசி 20ஆம் நாள் இன்றும் நாகர்கோயிலினின்று காவிக்கொடி ஏந்திச் சாமித்தோப்பிற்கு நடந்து செல்லும் பெருங் கூட்டம் அவ்விதையின் பயிரன்றோ?

இனி நம் முன்னோராகிய மிஷனெரிமாரைப் பற்றி ஒரு வார்த்தை. ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் வந்து ஊழியந் தொடங்கிய மயிலாடி, சாமித்தோப்பிற்குச் சில மைல் தொலைவிலேயே உள்ளது. வைகுண்டர் சிறையிலிருந்த 1838ஆம் ஆண்டிலேயே, நெய்யூரில் டாக்டர் ஆர்ச்சிபால்டு இராம்சே என்பார் லண்டன் மிஷனின் மருத்துவப் பணியைத் தொடங்கினார். ஒரே நாட்டில், ஒரே ஏழை மக்களுக்கு, இருவேறு மருத்துவங்கள் ஒரே காலத்திற் கிட்டின. நெய்யூரின் மருந்தும் சத்திர சிகிச்சையும் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. அப்பணியை நன்றியோடு நினைக்கின்றோம். ஆயின் முத்துக்குட்டியின் கூட்டத்தாரைப் பற்றி மிஷன் அறிக்கைகள் கசப்புடன் எழுதின. சபையிற் சேரும் நிலையிலிருந்தோர் அங்கே சென்றுவிட்டனரே என்னும் வருத்தமே அதன் காரணம். எங்கே சென்றனர் என்பதை அறிக்கைகள் குறித்தன. எதனைத் தேடிச் சென்றனர் என்று கேட்டவர் சிலரே. பிறர் வந்து தூக்கிவிட எழுவதற்கும், தம்முள் ஒருவர் கை கொடுக்க எழுவதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை அவ்வெளிய மக்கள் நன்குணர்ந்திருந்தனர்.

இத்தகைய தோற்றம் நம் நாட்டிற்கே உரியதுமன்று. வைகுண்டரின் காலத்திலேயே, கீழ்த்திசைக் கோடியிலுள்ள ஜப்பான் தேசத்தில் குரோசுமி முனெதாதா என்பவர் வாழ்ந்தார். அவர் 1780இல் பிறந்தவர். க்ஷய நோயாற் சாகுந் தறுவாயிலிருந்து, 1814ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உதய சூரியனை வணங்குங்கால் புத்துயிர் பெற்றதாகக் கூறி, பிறர் பிணி தீர்க்கும் பணியை மேற்கொண்டு, 1850இல் மறைந்தார். 1838ஆம் ஆண்டிலே நாகயாமா மிகி என்னும் குடியானவப் பெண்மணி அந்நாட்டிலே தெய்வ ஆவேசம் பெற்று, தென்ரிக்கியோ என்னும் சமயத்தை நிறுவி, பிரசவ வேதனையுற்ற பெண்டிர்க்கு ஆறுதலளித்து, முதிய வயதிலே பன்முறை சிறையும் புகுந்தார். கையை நீட்டித் தெய்வ ஒளியைப் பாய்ச்சிப் பிணி தீர்ப்பதாகிய ஜோரெய் என்னும் முறையைப் பரப்பிய ஒகாதா மொகிச்சி (1882–1955) அவர்களுக்குப் பிற்பட்டவர். ஒருவரையொருவர் அறியாத இவர்கள் வாழ்க்கையில் எத்துணை ஒற்றுமை! தம் நோயிலோ பிறர் துயரிலோ அழைப்பைப் பெற்றனர்; எளியோர் கூடினர். எங்கே எளியோரின் வேதனைக்குச் செவிசாய்ப்பார் இல்லையோ, அங்கே இத்தகைய மருத்துவர் தோன்றுவர் போலும்.

ஜப்பானைக் கூறியதும் குட்டி ஜப்பான் என்று பெயர் பெற்ற சிவகாசி நினைவுக்கு வருகின்றது. விருதுநகர்ப் பக்கத்து மக்களுக்கு வைகுண்டரின் கதை அயலார் கதையன்று. கோயில் நுழைவு பற்றிய பூசலால் 1899ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிவகாசி பட்ட பாட்டை நம் முதியோர் வழிவழியாகக் கூறக் கேட்டிருக்கின்றோம். கமுதிக் கோயில் வழக்கு 1897இல் நிகழ்ந்த நுழைவால் எழுந்து, பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் தோல்வியுற்றது. குமரியிற் கண்ட அதே புண்தான் இங்கும் இருந்தது. இங்குள்ளோர் மகமை திரட்டியும், பிடியரிசி சேர்த்தும், பள்ளி கட்டியும், கடை வைத்தும் அப்புண்ணை ஆற்றிக்கொண்டனர்; அங்குள்ளோர் கிணறும் கண்ணாடியும் தலைப்பாகையும் கொண்டு ஆற்றிக்கொண்டனர். வழி இரண்டு, நோய் ஒன்று.

ஆயின் அந்நோய் முற்றும் ஒழிந்ததோ? நம் கந்தக பூமியிலே வெடிமருந்துத் தீயாற் சுடப்பட்டு, மருத்துவமனையில் உயிர் தப்பி வீடு திரும்புவோரை நினைத்துப் பாருங்கள். புண் ஆறிவிடுகின்றது, தழும்பு நிற்கின்றது. திருமண வீட்டில் அவர்களைப் பின்வரிசையில் அமரச் சொல்லுவோரும், எதிரே வரின் முகந் திருப்புவோரும் நம்மிடையே இலரோ? மருத்துவர் தம் கடமையை முடித்த இடத்திலே ஊராரின் கடமை தொடங்குகின்றது. அக்கடமையிலே நாம் தவறுவோமாயின், அவர்கள் பாதிக் குணமே பெற்றவராவர்.

வைகுண்டரைத் திருமாலின் அவதாரமென்று கிறிஸ்தவனாகிய நான் ஏற்கவில்லை. அவரைப் பின்பற்றுவார் என் விசுவாசத்தை ஏற்கவேண்டுமென்று எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் என் ஆண்டவர் சமாரியக் கிணற்றண்டையிலே, விலக்கப்பட்ட குலத்துப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டு நின்றார் என்று படித்திருக்கின்றேன். குஷ்டரோகியைக் குணமாக்குமுன் அவனைத் தொட்டார் என்றும், குணமாக்கியபின் ஊராரோடு சேரும்படி அனுப்பினார் என்றும் படித்திருக்கின்றேன். சுவிசேஷத்தில் நான் படித்ததன் பொருளை, அச்சுவிசேஷத்தை ஏற்காத ஒருவர் சாமித்தோப்புக் கிணற்றண்டையிலே எனக்கு விளக்கினார். அவரை இம்மலரில் நினைவுகூர்வதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்களே! நம்மிற் சிலர் மருத்துவராகவும், சிலர் ஆசிரியராகவும், சிலர் குருமாராகவும் இக்கல்லூரியை விட்டு வெளியேறுவோம். நம்மை நாடி வருவோர் தலைகுனிந்து வந்து, தலைகுனிந்தே திரும்புவாராயின், நாம் அளித்தது எத்துணை உயர்ந்த மருந்தாயினும் கல்வியாயினும் அது முழுமை பெறாது. தலைநிமிர்ந்து திரும்புவாராயின், கொடுத்தது ஒரு கை நீரேயாயினும் அது போதும்.